சுருங்காத வளையங்கள்

இயற்பியல் துறைத் தலைவர் வருடத்துக்கு ஒருமுறை அலையாக மாறுவார். மற்ற நாட்களில் கையெழுத்துப் போடுவார்.

அந்த ஒரு நாளுக்கென்றே அவரிடம் ஒரு கோட்டு இருந்தது. இரண்டாம் ஆண்டு மாணவர்களைக் கல்லூரியின் இருட்டறையில் நெருக்கி நிறுத்திவிட்டு, தொண்டையை இரண்டு முறை கனைத்து, "நீங்கள் எல்லாரும் என்னை ஒரு மனிதன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்று ஆரம்பிப்பார். மாணவர்கள் அதை மறுத்ததில்லை. "இல்லை! நான் ஓர் அலை!" என்பார் அடுத்து. பிறகு கரும்பலகையில் தன் எடை எண்பது கிலோ, நடை விநாடிக்கு ஒரு மீட்டர் என்று எழுதி, பிளாங்க் மாறிலியை அவை இரண்டின் பெருக்குத்தொகையால் வகுத்து, தன்னுடைய அலைநீளத்தைக் கண்டுபிடித்துக் காட்டுவார். புள்ளிக்குப் பின்னால் முப்பத்தைந்து பூஜ்யம், அதற்கப்புறம் ஓர் எட்டு. அத்தனை பூஜ்யங்களையும் அவர் தன் கையாலேயே எழுதுவார். அவ்வளவு சின்ன அலைக்கு அவ்வளவு பெரிய அறையை யார் ஒதுக்கினார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

பூஜ்யங்கள் முடிந்ததும் கையை உயர்த்துவார். "விளக்கை அணை!"

விளக்கை அணைப்பவர் ஆய்வக உதவியாளர். இருபத்தாறு வருடமாக அணைக்கிறார். மாணவர்கள் அவருக்கு 'இருட்டண்ணன்' என்று பேர் வைத்திருந்தார்கள். அடுத்த உத்தரவு, "துணியை எடு!" இருட்டண்ணன் மேசை மேலிருக்கும் எலக்ட்ரான் குழாயை மூடியிருக்கும் கறுப்புத் துணியை மெதுவாக உருவுவார். பூசணிக்காய் அளவுள்ள கண்ணாடிக் குமிழின் முகத்தில், பச்சையாக, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள் ஒளிரும். கூட்டம் "ஆ" என்னும்.

அந்த "ஆ"வைக் கேட்பதற்காகத் தலைவர் எப்போதும் மாணவர்களைப் பார்த்துத்தான் நிற்பார். குழாய்க்கு முதுகு. "எலக்ட்ரான் வெறும் துப்பாக்கிக் குண்டாக இருந்தால் என்ன செய்திருக்கும்? நடுவில் ஒரு புள்ளி விழுந்திருக்கும்! வளையம் ஏன் வந்தது? குளத்து அலையைப்போல அது கரித் தகட்டின் அணுக்களுக்கு நடுவே புகுந்து பரவியது! மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும், வேகம் கூடினால் அலைநீளம் குறையும், அலைநீளம் குறைந்தால் வளையம் சுருங்கும்!" என்று முழங்குவார். முழங்கும்போது வளையம் சுருங்குகிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்த்ததில்லை. பாடம் அவருக்கு மனப்பாடம்.

பார்த்திருந்தால் மூன்று வருடத்துக்கு முன்பே விஷயம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். ஏனென்றால் அந்த வளையங்கள் பெயிண்ட்.

வரைந்தவர் இருட்டண்ணனின் மனைவியுடைய தம்பி. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். கை சுத்தம்.

நடந்தது இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால், அலையாக மாறும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, இருட்டண்ணன் குழாயைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். முழங்கை பட்டது. குழாய் மரத்தாங்கியில் சாய்ந்து 'டிங்' என்றது. கீழே விழவில்லை, விரிசலும் இல்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டார். கழுத்துப் பகுதியில் எரிய வேண்டிய இழை எரியவில்லை. வளையம் இல்லை. மறுபடி போட்டார். மறுபடியும் இல்லை. உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, ஆள் போய்விட்டது என்று முடிவு கட்டினார்.

அந்தக் குழாய் வந்து சேர எட்டு வருடம் கோப்பு நடந்திருந்தது. தலைவர் அதை "என் மூத்த பிள்ளை" என்றுதான் சொல்வார். வீட்டிலிருந்த மூத்த பிள்ளை அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. இருட்டண்ணன் குடியிருந்ததோ கல்லூரிக் குடியிருப்பில். வேலை போனால் வீடும் போகும். அன்று சாயங்காலமே மைத்துனர் இருட்டில் ஒளிரும் பெயிண்ட்டும் தூரிகையுமாக வந்தார். செய்முறைக் கையேட்டில் மூவாயிரம் வோல்ட்டுக்கு ஒரு படம் இருந்தது. அதைப் பார்த்து, கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இரண்டு வட்டம். இழைக்குப் பதிலாகக் கழுத்துக்குப் பின்னால் ஒரு குட்டி பல்பு. கறுப்புத் துணியும் அன்று வந்ததுதான். வகுப்புக்கு முன்னால் டார்ச் அடித்து வளையங்களுக்கு வெளிச்சம் ஊட்டி, துணியால் மூடிவிடுவார். மின்னழுத்தத் திருகைத் திருகினால் மீட்டரில் முள் மட்டும் நகரும்.

'இந்த வருஷம் மட்டும்' என்று நினைத்திருந்தார்.

மாணவர்கள் அளப்பார்களே, மாட்டிக்கொள்வோமே என்று முதல் வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம்தான் ஓர் அதிசயத்தைக் கண்டார். மாணவர்கள் அளப்பதற்கு முன்பே அளந்துவிட்டு வந்தார்கள். கல்லூரி வாசலில் இருந்த நகலெடுக்கும் கடையில் 'தாய் நோட்டு' என்று ஒன்று இருந்தது. என்றைக்கோ ஒருவன் எழுதியது. அதற்குப் பிள்ளைகள் ஆயிரம். சோதனைக்கு வருகிறவர்கள் ஒரு மரியாதைக்கு அளவுகோலைக் குழாய்ப் பக்கம் காட்டிவிட்டு, தாய் நோட்டிலிருந்த எண்களை இறக்கிக்கொண்டார்கள். குழாய் உயிரோடு இருந்த காலத்தில் உண்மையாக அளந்த இரண்டொருவருக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் பிழை வரும், அவர்களைப் பார்த்து மற்றவர்களும் கொஞ்சம் தடுமாறுவார்கள். குழாய் செத்தபிறகு ஒரு பிசிறு இல்லை. பிளாங்க் மாறிலி ஒரு சதவீதப் பிழைக்குள் வந்து நின்றது. தலைவர் பூரித்து, துறையின் ஆண்டறிக்கையில் அதைத் தடித்த எழுத்தில் போட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் வெர்னியர் வந்து சேர்ந்தாள்.

அவள் எங்கு போனாலும் கையில் ஒரு பிளாஸ்டிக் வெர்னியர் அளவி இருக்கும். பெயர் அதிலிருந்து வந்தது. அப்பா டிவி மெக்கானிக். ஐயாயிரம் வோல்ட் என்ற பலகையைப் பார்த்து மற்றவர்கள் ஒரு கை தூரம் தள்ளி நிற்பார்கள். அவள் மூக்கு கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் குனிந்து அளந்தாள். திருகைத் திருகினாள், அளந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். இருட்டண்ணன் மூலையில் நின்று ஒரு ஸ்டாண்டைத் துடைத்தார். துடைத்த ஸ்டாண்டையே மறுபடி துடைத்தார்.

வெள்ளிக்கிழமை, வருகைப் பதிவேட்டைக் கொடுக்க இருட்டண்ணன் தலைவர் அறைக்குப் போனபோது அவள் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தலைவர் கையில் சிவப்புப் பேனா.

"இது என்ன?"

"ரீடிங் சார்."

"ரெண்டாயிரம் வோல்ட்டுக்கு வெளி வளையம் நாலு புள்ளி ஒன்பது சென்டிமீட்டர். மூவாயிரத்துக்கும் நாலு புள்ளி ஒன்பது. நாலாயிரத்துக்கும் அதே. என்ன, ரப்பர் ஸ்டாம்பா?"

"வளையம் அப்படித்தான் சார் இருந்துச்சு. ஏழு தடவை அளந்தேன்."

"உன்கூடப் படிக்கிற அறுபத்துமூணு பேருக்கும் சுருங்கியிருக்கு. உன்கிட்ட மட்டும் கோவிச்சிக்கிட்டு நின்னுடுச்சா?"

"அவங்க யாரும் அளக்கலை சார்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். கோட்டு போடாத நாளிலும் மேடைத் தமிழ் தானாக வந்துவிட்டது. "ஆக, பொருளுக்கு அலை உண்டு என்று உலகமே ஒப்புக்கொண்டது பிழை, நீ சரி?"

"அது சரிதான் சார். குழாய்லதான் ஏதோ கோளாறு."

"என் மூத்த பிள்ளைக்குக் கோளாறா!" பேனா மேசையில் குத்தியது. "திங்கட்கிழமை பத்து மணிக்கு, ஒழுங்கான ரீடிங், கூடவே மன்னிப்புக் கடிதம். இல்லேன்னா செய்முறைக்குப் பூஜ்யம். வருஷம் முழுக்கத் திரும்பப் படி."

பூஜ்யம் போடுவதில் அவருக்கு இருந்த பழக்கத்தை இருட்டண்ணன் அறிவார்.

தாழ்வாரத்தில் அவளைப் பிடித்தார். "ஏம்மா, எதுக்கு வம்பு? அந்தத் தாய் நோட்டைப் பார்த்து இறக்கிடேன். அரை மணி நேர வேலை."

"இறக்கிடலாம்ணே. அப்புறம் நான் எதை அளந்தாலும் எனக்கே நம்பிக்கை வராதே."

"வரும், வரும். எல்லாருக்கும் வருது."

அவள் சிரிக்கவில்லை. "ஏழாவது தடவை அளக்கும்போது என் கண்ணு மேலயே சந்தேகம் வந்துடுச்சுண்ணே. நேத்து கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன். கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்போ மூளையாத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இருட்டண்ணனுக்குப் பதிவேட்டை எங்கே வைத்தோம் என்று மறந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மைத்துனரை வீட்டுக்கு வரச்சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் மைத்துனர் முதலில் மகிழ்ந்தார். "நாலு புள்ளி ஒன்பதா? எல்லாப் பக்கமும் நாலு புள்ளி ஒன்பதா? பார்த்தீங்களா மாமா, காம்பஸ் இல்லாம போட்ட வட்டம் அது!"

"யோவ் மச்சான், வட்டம் சுருங்கணும்யா. அதான் பிரச்சினை."

"சுருங்கணும்னு நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கணும்." மைத்துனர் தாடையைச் சொறிந்தார். "சரி விடுங்க. அஞ்சு கண்ணாடித் தகடு எடுப்போம். ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம் சின்னதா வட்டம் போட்டுடறேன். அவங்க திருகைத் திருகத் திருக, நீங்க பின்னாடி குனிஞ்சு நின்னு தகடு மாத்திக்கிட்டே இருங்க."

இருட்டண்ணன் அதை யோசித்தார் என்பதை மறைப்பதற்கில்லை. தன் முதுகுவலியைக் கணக்கில் எடுத்துக்கூட யோசித்தார். அதற்குள் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டார். மூன்று வருடமாக மனைவிக்குத் தெரியாமல் மறைத்த விஷயம் இது. எவ்வளவு நேரமாக நின்றார் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"ஒரு பொய்யை மூட ஒரு துணி வேண்டியிருக்கு," என்றார். "அஞ்சை மூட என்ன, கூடாரம் அடிக்கப் போறீங்களா?"

"அக்கா, இது டெக்னிக்கல் விஷயம்..."

"நீ வாயை மூடுடா, வட்டம்." கணவர் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணு கண் டாக்டர்கிட்ட போனாளா?"

"போனாளாம்."

"போக வேண்டியது அவ இல்ல. அந்த அறுபத்துமூணு பேரும் உங்க தலைவரும். நீங்க டாக்டர்கிட்டல்லாம் போக வேணாம், உங்களுக்குக் கண்ணு நல்லாவே தெரியுது. தெரிஞ்சுதான் பண்ணியிருக்கீங்க."

"வேலை போயிடும்டி. வீடும் போயிடும்."

"போனா இவன் வீட்டுக்குப் போவோம்," என்றார் மனைவி. மைத்துனரின் முகம் சுருங்கியது.

திங்கட்கிழமை பத்து மணி. தலைவர் வெர்னியரை இருட்டறைக்கே வரச் சொல்லியிருந்தார், மூத்த பிள்ளையின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கட்டும் என்று. கோட்டு போட்டிருந்தார். அவள் பழைய நோட்டோடு வந்தாள். கடிதம் இல்லை. கண் சிவந்திருந்தது.

"எங்கே கடிதம்?"

"எழுதலை சார்."

தலைவர் பேனாவின் மூடியைத் திறந்தார். இருட்டண்ணன் ஓரடி முன்னால் வந்தார். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"சார்... அந்தக் கடிதத்தை நான்தான் எழுதணும்."

"உன்னை யாருய்யா கேட்டா?"

பதில் சொல்வதைவிடக் காட்டுவது சுலபமாகப் பட்டது. கறுப்புத் துணியை உருவிக் கீழே போட்டார். டார்ச்சைக் குழாயின் முகத்தில் பத்து எண்ணும் வரை அடித்தார். கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார். வளையங்கள் ஒளிர்ந்தன.

"இப்ப இங்க பாருங்க சார்." டார்ச் வெளிச்சம் தரைக்கு இறங்கியது. குழாயின் பிளக், சுவரில் மாட்டப்படாமல், செத்த பல்லியைப்போலத் தரையில் கிடந்தது.

தலைவர் வாழ்நாளில் முதல்முறையாகக் குழாய்க்கு முகம் காட்டி நின்றார். வளையத்தைப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார். "மின்சாரமே இல்லாமல்..." என்றார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த முகத்தில் ஒரு மாபெரும் கண்டுபிடிப்பின் பிரகாசம் வந்து நின்றது.

"பெயிண்ட் சார்," என்றார் இருட்டண்ணன். "என் மச்சான் போட்டது."

விளக்கைப் போட்டார். தலைவர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷம். தூசி தட்டும்போது கை பட்டு..."

"மூணு வருஷம்." தலைவரின் உதடுகள் எதையோ கூட்டிக் கழித்தன. "ஒரு சதவீதப் பிழை... அறிக்கையில தடிச்ச எழுத்துல... யோவ்! செத்த குழாய்ல இருந்தா எனக்கு பிளாங்க் மாறிலி வந்துச்சு?"

"நகலெடுக்கிற கடையிலேர்ந்து வந்துச்சு சார்."

"உன் வேலையை..."

"தெரியும் சார். என்னை என்ன வேணா பண்ணுங்க. இந்தப் பொண்ணு நோட்டுல மட்டும் சரின்னு போட்டுடுங்க. மூணு வருஷத்துல இந்த ரூமுக்குள்ள நிஜமா அளந்தது இவ ஒருத்திதான். ஏழு தடவை அளந்து, ஏழு தடவையும் சரியா அளந்திருக்கா. நான் திருட்டுத்தனம் பண்ணப்போய், இது தன் மூளையைச் சந்தேகப்படுது சார்."

சொல்லி முடித்ததும் அவருக்கு ஒன்று விளங்கியது: மூன்று வருடமாக அவர் தோளைத் தூக்கியே வைத்திருந்திருக்கிறார். இப்போது அது கீழே இறங்கியிருந்தது. வேலை போகட்டும். மைத்துனர் வீட்டில் இரண்டு அறை இருக்கிறது.

தலைவர் வாயைத் திறந்தார். அதற்குள், "அண்ணே, அந்த டார்ச்சைக் கொடுங்க" என்று வெர்னியரின் குரல் கேட்டது.

அவள் எப்போதோ குழாயின் பின்பக்கம் போயிருந்தாள். கழுத்தைப் பார்த்துக் குனிந்திருந்தாள்.

"இது செத்துப்போச்சுன்னு யாருண்ணே சொன்னது?"

"இழை எரியலைம்மா. உள்ள காத்து புகுந்துடுச்சு."

"காத்து புகலை. இங்க பாருங்க, கழுத்துல வெள்ளி மாதிரி ஒரு பூச்சு. காத்துப் பட்டா இது பால் மாதிரி வெளுத்திடும். எங்க அப்பா பிக்சர் டியூபைப் பார்த்த உடனே முதல்ல இதைத்தான் பார்ப்பாரு. பளபளன்னு இருக்கு." சாக்கெட் மூடியை நெம்பிக் கழற்றினாள். "அட, இவ்வளவுதானா!"

இழைக்குப் போகும் கம்பி பற்றவைத்த இடத்திலிருந்து விட்டு, மூடிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. இடித்த அன்று விட்டது. மூன்று வருடம், பச்சைப் பெயிண்டுக்குப் பின்னால், குழாய் உயிரோடு சும்மா இருந்திருக்கிறது.

இருட்டண்ணன் அலமாரியிலிருந்து சால்டரிங் அயர்னை எடுத்தார். அதை வாங்கி அவளே பற்றவைத்தாள். அவர் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து மைத்துனரின் கைவண்ணத்தைத் துடைத்தார். தலைவர் ஸ்டூலிலிருந்து எழுந்து, கேட்காமலே பிளக்கை எடுத்துச் சுவரில் மாட்டினார். அவர் ஒரு பிளக் மாட்டி இந்தக் கல்லூரியில் யாரும் பார்த்ததில்லை.

விளக்கு அணைந்தது. கழுத்தில் ஆரஞ்சு நிறத்தில் இழை சூடேறியது. ஒரு நிமிடம். அவள் திருகை மெதுவாகத் திருப்பினாள். குழாயின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி. அதைச் சுற்றி, மூடுபனியில் தெரிகிற விளக்கைப்போல விளிம்பு கலங்கிய இரண்டு வளையங்கள். மைத்துனர் போட்ட வட்டத்தின் கூர்மை அதில் கால்வாசி இல்லை.

"இன்னும் ஏத்தும்மா," என்றார் இருட்டண்ணன்.

ஏற்றினாள். வளையங்கள் இரண்டும் ஓசையில்லாமல் உள்ளே நகர்ந்தன. இறக்கினாள். விரிந்தன. ஏற்றினாள். சுருங்கின.

"ஆ," என்றார் தலைவர்.

பிறகு அவளை நகர்த்திவிட்டுத் திருகைத் தானே பிடித்துக்கொண்டார். "சுருங்குது," என்றார். "சுருங்குதுய்யா! நெஜமாவே சுருங்குது!" இருபது வருடமாகச் சுருங்கும் சுருங்கும் என்று முழங்கியவருக்கு அதில் இவ்வளவு ஆச்சரியம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மேடைத் தமிழ் எங்கோ விழுந்துவிட்டிருந்தது. பத்து நிமிடம் கழித்துத்தான் திருகைத் திருப்பிக் கொடுத்தார், அதுவும் அவள் "சார், நான் அளக்கணும்" என்று இரண்டு முறை கேட்டபிறகு.

அளந்தாள். கலங்கிய விளிம்பில் எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தெரியாமல் திணறி, ஐந்து மின்னழுத்தத்துக்கும் அளந்து, கணக்குப் போட்டாள். பிளாங்க் மாறிலியில் ஒன்பது சதவீதம் பிழை.

தலைவர் அந்த ஒன்பதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பழைய ரீடிங்கின் பக்கத்தில் ஒரு 'சரி', புதிய ரீடிங்கின் பக்கத்தில் ஒரு 'சரி', கீழே முழு மதிப்பெண். "நான் உன்னைச் சோதித்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்," என்று பழைய குரலில் ஆரம்பித்தார். வெர்னியர் நிமிர்ந்து பார்த்தாள். "வேணாம்," என்று அவரே முடித்துக்கொண்டார்.

அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கதவுவரை போய்விட்டுத் திரும்பினாள். "அண்ணே, அப்போ என் மூளையும் நல்லாத்தான் இருக்கு."

"இருக்கும்மா. உனக்கு மட்டும்தான் இருந்துச்சு."

அவள் போனபிறகு இருட்டண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைவர் கோட்டைக் கழற்றி மடித்தார். இவரைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு வரி எழுதினால், மூன்று வருடம் குழாயைப் பார்க்காத ஒருவரைப் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கும் என்ற கணக்கு அவர் முகத்தில் மெதுவாகப் போடப்பட்டு முடிந்தது.

"அந்தத் துணியை," என்றார் கடைசியில், "பெஞ்சு துடைக்க வெச்சுக்க. இனிமே இது மேல எதையும் மூடாதே."

"சரிங்க சார்."

"அறிக்கையில ஒன்பதுன்னு மாத்தணும்." ஒரு பெருமூச்சு. "மெல்லிய எழுத்துல போடச் சொல்லு."

தாய் நோட்டை அன்றே பறிமுதல் செய்யச் சொல்லி உத்தரவு போனது. நகலெடுக்கும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். அடுத்த வாரம் வெர்னியரின் நோட்டு எப்படியோ அவர் கைக்குப் போய்ச் சேர, வகுப்பில் எல்லாருக்கும் ஒன்பது சதவீதம் பிழை வந்தது. இருட்டண்ணன் அத்தனை நோட்டையும் திருப்பிக் கொடுத்து, இருட்டறைக் கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அளக்காமல் யாரும் வெளியே போகமுடியவில்லை. பதினொன்று, பதினாறு, ஒருவனுக்கு இருபத்திரண்டு என்று பிழைகள் வரவர, ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் மலர்ந்தது.

அந்தத் திங்கட்கிழமை மதியமே வீட்டுக்கு வந்து அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனைவி தட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த மைத்துனர்தான் நிம்மதியும் மனத்தாங்கலுமாக இருந்தார். அக்கா குடும்பம் தன் வீட்டுக்கு வரவில்லை என்பது நிம்மதி.

"எதுல துடைச்சீங்க மாமா?"

"ஸ்பிரிட்ல."

"ஒரே துடைப்புல போயிடுச்சா?"

இருட்டண்ணன் யோசித்தார். இனிமேல் பொய் சொல்வதில்லை என்று காலையில்தான் முடிவு செய்திருந்தார். நல்லவேளையாக உண்மையே போதுமானதாக இருந்தது.

"நாலு துடைப்பு, மச்சான்."

மைத்துனர் மெல்லத் தலையாட்டிக்கொண்டார்.